றபான்காரன் ஆடமாட்டான்

ஆவணி மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடம். தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல். எந்த ஆண்டு என்று எழுதவேண்டாம் என மணப்பெண் கேட்டிருக்கிறாள். எழுதினால் வாசகர்கள் அவளுடைய வயதைக் கணக்குப் பார்த்துவிடுவார்களாம். அண்மையில்தான் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபம். மின்விசிறிகள் ஆறு, சுற்றியவை நான்கு. வந்தவர்கள் எல்லோருக்கும் பிளாஸ்ரிக் கதிரை. எனக்கு மாத்திரம் மரக்கதிரை, ஏனென்றால் என் மடியில் றபான் இருந்தது. சுளகளவு வட்ட மேளம், ஒரு பக்கம் ஆட்டுத்தோல். அறுபத்தைந்து வருடமாக எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில் அந்தக் கதிரைதான் என் இடம்.

அப்போது மணப்பெண்ணோடு கூடப்பிறந்த பிள்ளை ஷானு எழும்பி மண்டபத்தின் நடுவுக்கு வந்தது. மூன்று அடுக்குப் பாவாடை, மஞ்சள் நிறத்தில் சிவப்புப் பூ. காலில் செருப்பில்லை. சுருட்டைத் தலைமயிர் எண்ணெய் காணாமல், தோளின் அகலத்துக்கு விரிந்து நின்றது. பாவாடையின் இரண்டு ஓரத்தையும் விரல்களால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தது. தொடங்குங்கள் என்று அர்த்தம்.

எனக்கு வயிறு எரிந்தது. இந்த வாரம் எழுதப்போவது அந்த எரிச்சலைப் பற்றித்தான்.

பதினோரு வாரமாகச் சொல்லாதது

போன கிழமை, துறைமுகத்தில் கப்பலால் இறங்கும் கோதுமை மா மூட்டைகளை எண்ணும் கிளாக்கராக நான் இருந்த காலத்தைப் பற்றி எழுதினேன். மூதூரிலிருந்து ஒரு வாசகர், "மூட்டைக் கணக்கெல்லாம் சரியாக எழுதுகிறீர்கள், நீங்கள் யார் ஆள் என்று சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார். பதினோரு வாரமாக எழுதுகிறேன். மறந்துபோய் விடவில்லை.

எங்களைக் காப்பிரி என்பார்கள். வெள்ளைக்காரர் தங்கள் கோட்டைகளுக்கும் சண்டைகளுக்கும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து இறக்கிய ஆட்களின் வழிவந்தவர்கள். கறுப்பு நிறம், சுருட்டைத் தலை, வீட்டில் தமிழ், கோயிலில் தமிழ், பாட்டில் மட்டும் போர்த்துக்கேயச் சொற்கள். அந்தச் சொற்களில் பாதிக்கு எங்களுக்கே அர்த்தம் தெரியாது. காப்பிரி என்று எங்கள் ஆட்கள் சொன்னால் அது பெயர். பள்ளிக்கூடத்தில் பின்வரிசை வாங்கிலிருந்து வந்தால் அது வேறு.

அந்த வாங்குப் பொடியன்கள் ஒட்டுப்புல் விதைகளைப் பிடுங்கி வந்து என் தலையில் எறிவார்கள். எறிந்தது விழாது. அதுதான் அவர்களுக்கு விளையாட்டு. ஒருநாள் மம்மா பொழுதுபடும்வரை இருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தார். அடுத்த நாள் என்னைச் சலூனுக்குக் கூட்டிப்போய் ஒட்ட வெட்டுவித்தார். அன்று தொடங்கிய வழக்கம், இரண்டு கிழமைக்கு ஒருமுறை, இன்றுவரை நிற்கவில்லை. என் மயிர் வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஷானுவின் தலையைப் பார்க்கும்போதெல்லாம் நான் என்ன நினைப்பேன் என்று இனி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

சொல்லாத இரண்டாவது விஷயம். நான் கலியாணம் கட்டவில்லை. காப்பிரிக்கு ஆர் பெண் குடுப்பான் என்று ஊர் காரணம் கண்டுபிடித்துத் தந்தது. வசதியான காரணம், நானும் வைத்துக்கொண்டேன். என் மனம் ஒருநாளும் பெண்களிடம் போகவில்லை. ஆண்களிடம்தான் போனது. அதற்கு எங்கள் காலத்தில் மரியாதையான சொல் எதுவும் இருக்கவில்லை. ஷானு தன்னைக் குயர் என்று சொல்லும். தமிழிலும் புதிதாக ஒரு சொல் இருக்கிறதாம், பால்புதுமையர். "எனக்கு எழுபத்திரண்டு வயது. என்னில் என்ன புதுமை?" என்று கேட்டேன்.

இரண்டு பேருக்கு ஒரு கரியர்

துறைமுகத்தில் மஜீத் என்று ஒருவன் என்னோடு வேலை செய்தான். பாரந்தூக்கி ஓட்டுபவன். கிண்ணியாவிலிருந்து வருவான். அப்போது பாலம் இல்லை, படகுப் பாதையில் கடந்து வரவேண்டும். அவனுடைய மனிசி மத்தியானச் சாப்பாட்டை எங்கள் இரண்டு பேருக்குமாக ஒரே கரியரில் கட்டி அனுப்புவார். மீன்பொரியல் எத்தனை துண்டு வந்தாலும் இரண்டாகப் பிரிக்கக்கூடிய எண்ணிக்கையில் இருக்கும்.

அந்த மனிசியில் எனக்கு அவ்வளவு பொறாமை. பொறாமைப்பட்டுக்கொண்டே அவருடைய சமையலைப் பதினான்கு வருடம் சாப்பிட்டேன். நல்ல சமையல். அதில் ஒரு குறை கண்டுபிடிக்க ஏலாமல் போனது இன்னும் ஆத்திரம்.

ஒருநாள் கரியரை மூடிக்கொண்டு மஜீத் சொன்னான், "உனக்கு ஆரும் சமைச்சுப் போட இல்லையெண்டு என்ர மனிசிக்கு ஒரே கவலை."

"உனக்கு?" என்று கேட்டேன்.

அவன் எழும்பிக் கைகழுவப் போய்விட்டான். தண்ணீர்க் குழாயடியில் நெடுநேரம் நின்றான். அவ்வளவுதான் எங்கள் கதை. வேறு எதையாவது எதிர்பார்த்த வாசகர்கள் மன்னிக்கவேண்டும். நானும் எதிர்பார்த்தேன்.

ஏழு வயதில்

இனி ஷானுவுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லவேண்டும்.

எங்கள் கலியாண வீடுகளில் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம் இருக்கும். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் எதிர்வரிசை. பெண்கள் பாவாடையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இடுப்பையும் தோளையும் அசைத்து ஆடுவார்கள். ஆண்களின் ஆட்டம் அதற்குப் பதில் சொல்வதுபோல இருக்கும், ஆனால் அவ்வளவு அழகில்லை. ஒருவர் சிரட்டை தட்டுவார், ஒருவர் போத்தலில் கரண்டியால் தட்டுவார், றபான் அடிப்பவர் கதிரையில் இருப்பார். பாட்டு மெல்லத் தொடங்கும். பிறகு வேகம் ஏறும், ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு ஏறுவது, எப்போது ஏறுவது என்பது முழுக்க றபான்காரனின் கையில்.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது சித்தியின் கலியாணம் நடந்தது. நான் மம்மாவின் பழைய பாவாடை ஒன்றை இரண்டாக மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு பெண்களின் வரிசையில் போய் நின்றேன். இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டு விலகி இடம் விட்டார்கள். நான் ஆடினேன். ஆட்கள் கைதட்டினார்கள். பாவாடையின் மணம், பவுடர் தூவிப் பெட்டியில் வைத்திருந்த துணியின் மணம், இப்போதும் மூக்கில் இருக்கிறது. அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்த நாட்களை எண்ணிச் சொல்லுங்கள் என்றால் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

அன்று றபான் அடித்தது பப்பா. அவர் கடற்படைத் தளத்தில் தச்சுவேலை செய்தவர். அடிப்பதை நிறுத்தினார். எழும்பி வந்தார். கோபம் இல்லை, சத்தம் இல்லை, முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. என்னை அக்குளில் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் கதிரையில் இருத்தி, றபானைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"இந்தா மகன், நீ அடி. றபான்காரன் ஆடமாட்டான்."

எனக்குக் கைகள் இரண்டும் நிறைந்துபோயின. மடியும் நிறைந்துபோனது. எழும்ப ஏலாது.

அவர் என்னை அடித்திருந்தால் எனக்கு ஒரு முறைப்பாடு இருந்திருக்கும். ஏசியிருந்தாலும் இருந்திருக்கும். அவர் எனக்கு ஒரு பரிசல்லவா தந்தார்? பன்னிரண்டு வயதில் நான் அவரைவிட நன்றாக அடித்தேன். கலியாண வீட்டுக்காரர் மூன்று மாதம் முன்னால் வந்து சொல்லிவைப்பார்கள், இக்னேஷியஸ் இல்லாமல் ஏலாது என்று. அந்த மரியாதைக்குள் என்னைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஆரிடம் போய்ச் சொல்வது?

பப்பாவும் ஒருநாளும் ஆடி நான் கண்டதில்லை. இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.

வாயில் குண்டூசி

கலியாணத்துக்கு முந்திய வியாழக்கிழமை ஜசிந்தாவின் வீட்டுக்குப் போனேன். ஜசிந்தா என் அக்காவின் மகள். அவளுடைய மனிசன் பீற்றர் ஓட்டோ ஓட்டுகிறான். மூத்தவள் மெலனி, அவள்தான் மணப்பெண். இளையது ஷானு. ஞானஸ்நானத்தில் வைத்தது ஆம்பிளைப் பெயர், இப்போது ஷானுதான். கொழும்பில் ஒரு சலூனில் வேலை. அவன் என்றா அவள் என்றா எழுதுவது என்று கேட்டதற்கு, "பிள்ளை எண்டு எழுதுங்கோ அங்கிள், அது எனக்குப் பிடிக்கும்" என்றது. எங்கள் ஒழுங்கைத் தெரு முழுவதும் சின்னவர்கள் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் உள்ளே போனபோது ஷானு நடு வீட்டில் ஒரு ஸ்டூலின் மேல் அந்தப் பாவாடையோடு நின்றது. ஜசிந்தா நிலத்தில் முழங்காலில் இருந்து, கரையை மடித்து மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். வாயில் ஐந்து குண்டூசி.

"குண்டூசியை விழுங்கிப்போடாதை" என்றேன்.

"விழுங்கினா எத்தனை குறையுதெண்டு நீங்கள் எண்ணிச் சொல்லுவியள்தானே மாமா."

ஷானு சிரித்தது. பிறகு, "அங்கிள், எனக்கு நீங்கள்தான் அடிக்கவேணும். வேற ஆர் அடிச்சாலும் ஆடமாட்டன்" என்றது.

"ஏன், ஃபோனில பாட்டுப் போட்டு ஆடன்."

"ஃபோன் என்ர காலைப் பாத்து அடிக்குமே?"

நான் கதிரையில் இருந்தேன். தேத்தண்ணி வந்தது. ஷானு ஸ்டூலில் நின்றபடியே கதை சொன்னது. கொழும்பில் தன்னைப்போன்ற கொஞ்சப் பேர் மாதத்தில் ஒருமுறை ஒரு வீட்டில் கூடுவார்களாம்.

"கூடி?"

"கதைப்பம். அழுவம். தேத்தண்ணி குடிப்பம்."

"அழுறதுக்கு பஸ் எடுத்துப் போறியளோ?"

"ஓம். வீட்டில அழுதா அம்மா வந்து சாப்பிடு, சாப்பிடு எண்டுவா. அழேலாது."

ஜசிந்தா குண்டூசிக்குள்ளால் ஏதோ ஏசினாள்.

"அங்க ஒரு அக்கா கேப்பா," என்றது ஷானு, "உங்களுக்குள்ள ஒரு சின்னப் பிள்ளை இருக்கு, அதுக்கு எத்தனை வயசு, அது எங்க நிண்டுபோச்சு எண்டு. நான் சொன்னனான், என்ரதுக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில காப்பிரிப் பெட்டை எண்டு கத்தினாங்கள். காப்பிரி எண்டது ஒரு கை, பெட்டை எண்டது மற்றக் கை, ரெண்டு கையாலயும் அறைஞ்ச மாதிரி. நான் கக்கூசுக்குள்ள போய்க் கதவைப் பூட்டினனான். அந்தப் பிள்ளை இன்னும் வெளிய வரேல்லை அங்கிள். இப்பதான் நான் போய்க் கதவில தட்டுறன். ஒண்டும் செய்யமாட்டன், வா எண்டு சொல்லுறன்."

ஜசிந்தா குத்திய ஊசியைக் கழற்றித் திரும்ப அதே இடத்தில் குத்தினாள்.

"உங்கடதுக்கு எத்தனை வயசு அங்கிள்?"

"எனக்குள்ள குடல்தான் இருக்கு. அதுவும் புளிக்குது" என்றேன்.

அந்த நேரம் பீற்றர் ஓட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். பீற்றர் அந்தப் பிள்ளையோடு மூன்று வருடம் கதைக்காமல் இருந்தவன். மேசையில் அதற்கு மட்டும் கோப்பை வைக்கக்கூடாது என்று சொன்னவன். அது எனக்குத் தெரியும். ஷானு சும்மா இருந்து எதையும் பெறவில்லை என்பதும் தெரியும். பீற்றர் வாசலில் நின்று பாவாடையை மேலும் கீழும் பார்த்தான்.

"பின்பக்கம் கொஞ்சம் கட்டையா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனான்.

எல்லாம் தெரிந்தும் எனக்குப் பொறுக்கவில்லை. பாவாடையில் எனக்குப் பொறாமை இல்லை. அதை ஒரு மாதிரிச் சமாளித்துவிடலாம். நிலத்தில் முழங்காலில் இருந்த ஜசிந்தாவைப் பார்த்துத்தான். ஒரு தாய் வாயில் ஊசியோடு தன் பிள்ளையின் பாவாடைக் கரையை அளவு பார்க்கிறாள், தகப்பன் வந்து பின்பக்கம் கட்டை என்கிறான். இந்தப் பிள்ளை என்ன செய்தது, நான் செய்யாதது என்ன என்று வீடு வரும்வரை கணக்குப் பார்த்தேன். பிந்திப் பிறந்தது. அதைத் தவிர வேறொன்றும் கணக்கில் வரவில்லை.

தோலைச் சூடாக்கியது

றபானை அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டவேண்டும். தோல் இறுகினால்தான் ஓசை எழும்பும். மாரி காலத்தில் அதிக நேரம் காட்டுவோம். கச்சான் வீசும் நாளில் காட்டவே தேவையில்லை, காற்றே தோலைக் காயவைத்துவிடும். இது எங்கள் ஆட்களில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

கலியாணத்தன்று மண்டபத்தின் பின்பக்கத்தில் நான் தேங்காய்ப் பொச்சு மட்டை போட்டு நெருப்பு மூட்டினேன். போத்தல் தட்டும் றோஸ் அக்கா அருகில் வந்து நின்றார். எண்பது வயது. கையில் போத்தலும் கரண்டியும்.

"இக்னேஷியஸ், உனக்கென்ன விசரோ? கச்சானுக்குத் தோல் தானாக் காஞ்சு கிடக்கு."

"எனக்குத் தெரியும் அக்கா."

"தெரிஞ்சவன் செய்யிற வேலையே இது?"

நான் றபானைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். தோல் எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு வேகமாக அடிக்கலாம். மூன்று அடுக்குப் பாவாடையோடு ஆடுகிறவருக்கு வேகம் திடீரென்று ஏறினால் கரை காலில் தட்டும். நான் திட்டமிட்டது அதுதான். அந்தப் பிள்ளை எல்லோருக்கும் முன்னால் விழவேண்டும். விழுந்து, எழும்பி, போய் இருக்கவேண்டும். எழுபத்திரண்டு வயது மனிதன், ஞாயிறு தவறாமல் கோயிலில் நன்மை வாங்குபவன், இதை நினைத்துக்கொண்டு நெருப்படியில் குந்தியிருந்தேன்.

வேகம்

ஷானு தலையை அசைத்தது. நான் தொடங்கினேன்.

மாப்பிள்ளை பகுதி லிங்கநகர் ஆட்கள். எங்கள் ஆட்டத்தை முன்பு கண்டிராதவர்கள். ஃபோன்கள் மேலே எழும்பின. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் பின்னால் இருந்தவருக்குக் கேட்கும்படியாக, "இதென்ன, ஆம்பிளையோ பொம்பிளையோ?" என்றார். பின்னால் இருந்தது ஜசிந்தா.

"கேள்வி கேக்க டிக்கெட் எடுத்தனீங்களோ?" என்றாள். "சும்மா வந்தனீங்கள்தானே, சும்மா பாருங்கோ."

அந்த வரிசை முழுவதும் சிரித்தது. சித்தப்பாவும் சிரிக்கவேண்டியதாகப் போனது. எனக்கு அது றபானின் நடுவில் விழுந்த அடிபோல இருந்தது. மம்மா அன்று சித்தியின் கலியாணத்தில் எங்கே இருந்தார்? இருந்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு இப்படி ஒரு வசனம் வரவில்லை.

நான் ஷானுவின் காலைப் பார்த்தேன். அடிப்பவன் காலைத்தான் பார்க்கவேண்டும். அது நல்ல கால். குதியை வைக்காமல் விரல்களால் நிலத்தைத் தொட்டுத் தொட்டு எடுக்கிற கால். எங்கள் பெண்கள் நூறு வருடமாக ஆடுகிற ஆட்டம், கொழும்பில் ஒரு அறைக்குள் பழகியதாம். பிழை கண்டுபிடிக்கப் பார்த்தேன், இல்லை.

வேகத்தைத் தூக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, ஒரேயடியாக. சிரட்டைக்காரர் தடுமாறினார். றோஸ் அக்காவின் கரண்டி ஒரு தட்டைத் தவறவிட்டது. "மெதுவா, மெதுவா, உயிர் போகுது" என்று ஆரோ கத்தினார்கள். நான் இன்னும் தூக்கினேன்.

ஷானு என்னைப் பார்த்தது. பாவாடைக் கரையை ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்தது. கால் தட்டுவதற்கு அங்கே கரை இல்லை. பிறகு ஆடியது பாருங்கள்.

இங்கேதான் நான் பிழை விட்டேன், எங்கள் ஆட்களில் ஒருவன் விடக்கூடாத பிழை. இந்த ஆட்டத்துக்குத் தேவையானதே வேகம். வேகம் கிடைக்கக் கிடைக்கத்தான் அது வெளியே வரும். விழுத்துவதற்கென்று நான் எறிந்ததையெல்லாம் அந்தப் பிள்ளை எடுத்துத் தின்றது. மண்டபம் எழும்பி நின்றது. லிங்கநகர்ச் சித்தப்பா கதிரையில் ஏறி நின்று விசில் அடித்தார். நான் வெறுப்பில் அடித்த அடி போல என் வாழ்நாளில் நல்ல அடி அடித்ததில்லை என்று பிறகு எல்லோரும் வந்து என் கையைப் பிடித்துச் சொன்னார்கள்.

ஆட்டம் முடியுமுன்பே தோல் கிழிந்துவிட்டது.

வெடிபோல என்று எழுதலாம், ஆனால் அந்தச் சத்தத்தை அறிந்தவர்கள் இந்த ஊரில் அதிகம், அவர்களுக்குப் பொய் சொல்ல ஏலாது. துணிக்கடையில் சீலையைக் கத்தரிக்கோலால் தொட்டுவிட்டுக் கையால் இழுப்பார்களே, அதுபோல ஒரு சத்தம். என் வலது கை தோலுக்குள்ளால் போய் மறுபக்கம் வந்தது.

மடியில் ஒன்றும் இல்லை

பாட்டு நிற்கவில்லை. றோஸ் அக்கா நிறுத்தவில்லை. போத்தலில் கரண்டி தட்டும் மெல்லிய ஓசை மட்டும் போய்க்கொண்டிருந்தது, சிரட்டை அதோடு சேர்ந்தது, ஜசிந்தாவும் மற்றப் பெண்களும் எழும்பி வரிசையாக நின்று கைதட்டத் தொடங்கினார்கள். நான் கிழிந்த றபானை நிலத்தில் வைத்தேன்.

ஷானு மூச்சு வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது. நாடியிலிருந்து வியர்வை சொட்டியது. குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டது.

"என்னை விழுத்தப் பாத்தனீங்கள், என்ன?"

"ஓம்" என்றேன்.

"நான் விழேல்லை."

"ஓம். விழேல்லை."

"ஏன் அங்கிள்?"

எனக்கு நீண்ட பதில் ஒன்று இருந்தது, இந்த அத்தியாயத்தின் நீளத்துக்கு. சொன்னது இவ்வளவுதான். "எனக்கு ஆரும் கரை மடிச்சுத் தரேல்லை."

பிள்ளை கோபிக்கும் என்று நினைத்தேன். கோபித்திருக்கும், கண்ணில் அது தெரிந்தது. பிறகு கையை நீட்டியது.

"எழும்புங்கோ."

"எனக்கு முழங்கால் ஏலாது."

"உங்களுக்குச் சரி. உள்ளுக்கு இருக்கிற ஆளுக்கு எத்தனை வயசு?"

"ஏழு" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

"ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன முழங்கால் வருத்தம்?"

நான் எழும்பினேன். கதிரையிலிருந்து பெண்களின் வரிசைவரை பத்தடி இருக்கலாம். ஜசிந்தா ஒன்றும் கேட்காமல் இடது பக்கம் விலகி நின்றாள். எனக்குக் காற்சட்டை. கைகளுக்கு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. தொடைப்பக்கத்தில் துணியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டேன். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்க்கப்போகிறது என்று கண்ணை மூடினேன்.

திறந்தபோது பாதிப்பேர் ஐஸ்கிறீம் வாங்க வரிசையில் நின்றார்கள். பீற்றர் மாப்பிள்ளையின் சித்தப்பாவோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தான். ஒரு சின்னப் பெட்டை மட்டும் வாயில் விரலை வைத்துக்கொண்டு என் காலைப் பார்த்தாள். இதற்குப் பயந்தா அறுபத்தைந்து வருடம் கதிரையில் இருந்தேன்? கொஞ்சம் கூடுதலாகப் பார்த்திருக்கலாம் என்று எனக்குக் குறையாகவும் இருந்தது.

ஆடினேன். பாட்டு முழுவதும் இல்லை, கடைசிப் பகுதி. இடது தோள் தானாக இறங்கி ஏறியது. நான் சொல்லிக்கொடுக்காத தோள். பக்கத்தில் ஷானு, மறுபக்கம் ஜசிந்தா. "மாமா, குதியை வைக்காதேங்கோ" என்று ஜசிந்தா ஒருமுறை சொன்னாள். வைத்துத்தான் ஆடினேன். குதியில்லாமல் ஆடும் வயது எனக்கு இல்லை, உள்ளே இருக்கிற ஆள் என்ன சொன்னாலும்.

உள்ளே இருந்த அந்த ஏழு வயதுக்காரன் அப்போது என்ன செய்தான் என்று வாசகர்கள் கேட்கலாம். அழவில்லை. எங்களுக்கு ஏன் இவ்வளவு நேரம் பிடித்தது என்று என்னை ஏசினான். நியாயம்தான்.

செலவு

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஷானுவை பஸ் ஏற்ற பீற்றர் ஓட்டோவில் கூட்டிப்போனான், பையைத் தானே தூக்கினான். அதை வாசலில் நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது. முந்திய எரிச்சலில் ஒரு காற்பங்கு குறைவு என்று மதிப்பிடுகிறேன்.

திங்கட்கிழமை றபானைத் தோல் போடுகிறவரிடம் கொடுத்தேன். ஆட்டுத்தோல் நாலாயிரத்து ஐந்நூறு, கூலி இரண்டாயிரம். போட்டு முடித்ததும் றோஸ் அக்காவின் பேத்தியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அவள் நன்றாக அடிப்பாள், ஆட ஆசை வந்தால் அதை ஆரிடமாவது கொடுத்துவிட்டு எழும்பட்டும். செவ்வாய்க்கிழமை முழங்காலுக்கு டொக்டர், மருந்தோடு இரண்டாயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது.

புதன்கிழமை துணிக்கடைக்குப் போனேன். நீலத்தில் வெள்ளைப் பூ, மீற்றர் எழுநூற்று எண்பது. நாலு மீற்றர் வெட்டச் சொன்னேன்.

"கதிரை உறைக்கோ ஐயா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லை, எனக்கு" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். துணியை ஒருமுறை பார்த்தார். அரை மீற்றர் கூட எடுத்தால் அடுக்கு நன்றாக விழும் என்றார். எடுத்தேன்.

எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துத் தொளாயிரத்து அறுபது ரூபா.